இரண்டாயிரத்து எண்ணூறு ‘அல்லது’

1. பத்தேகாலுக்கு அமத்திய பொத்தான்

எனக்குப் பதற்றம் வந்தால் ஆங்கிலம் வரும். மற்ற நேரங்களில் கூப்பிட்டாலும் வராது. எங்கள் மனேஜர் தயாளன் சேருக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே அந்தப் பங்குனி மாதத்து முற்பகலில் அவர் என் அறை வாசலில் நின்று, “என்ன குகன், மெசேஜ் போட்டுதோ?” என்று கேட்க, நான் “ப்ராசசிங் சேர், ஆல்மோஸ்ட் கம்ப்ளீட்டட்” என்று சொன்ன உடனேயே அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார். நிலைமை விளங்கிவிட்டது.

எங்களுடையது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு சிறிய சேவை. இங்கே வெங்காயத்தைப் பிடுங்கியதும் இரண்டு மூன்று நாள் தோட்டத்திலேயே வெயிலில் போட்டு உலர விடுவார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மழை விழுந்தால் மூன்று மாத உழைப்பு அழுகிப் போகும். மழை வருமுன் இரண்டு மணித்தியாலம் கிடைத்தால் போதும். அள்ளி ஒதுக்கலாம், இல்லையென்றால் தறப்பாள் போட்டு மூடலாம். அந்த இரண்டு மணித்தியாலத்தைக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. பிடுங்கியவர்கள் தொலைபேசியில் எங்களுக்கு ‘1’ என்று அனுப்பிவைப்பார்கள். மழைத் தகவல் எங்களுக்கு வந்ததும், எந்தத் தோட்டக்காரருக்குச் செய்தி போகவேண்டும் என்று டேட்டாபேஸிடம் கேட்டு, வரும் பட்டியலுக்கு அனுப்பிவிடுவேன்.

அன்று பத்துப் பத்துக்குத் தகவல் வந்தது. ஒரு மணியளவில் வலிகாமம் மேற்கில் நல்ல மழை. பத்தேகாலுக்குப் பொத்தானை அமத்தினேன். திரையில் ஒரு சிறிய வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து இருபத்திரண்டுக்கு இன்னொருமுறை அமத்தினேன். பத்தரைக்கு மூன்றாம் முறை. இடையில் சேர்வர் பக்கமாக மேசை விசிறியைத் திருப்பிவைத்தேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்து, அது பதினொன்றாகி, சேர் வாசலில் வந்து நின்றபோது நூற்றியொன்றாகியிருந்தது.

எல்லோருக்கும் அனுப்பித் தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முந்திய வருடம் ஒருநாள் பயத்தில் அதைத்தான் செய்தேன். காங்கேசன்துறைப் பக்கம் ஒரு துளி விழவில்லை. சனம் என் பேச்சை நம்பிக் கொளுத்தும் வெயிலில் வெங்காயத்தைத் தறப்பாளால் மூடி, அது உள்ளே புழுங்கிப் போய்விட்டது. ஒரு கிழமை நான் தொலைபேசியை எடுக்கவில்லை. அதோடு நிமிஷத்துக்கு நூறு செய்திதான் எங்களால் அனுப்ப முடியும். எங்கள் உறுப்பினர் அறுபதாயிரம் பேருக்கும் போய்ச் சேர இராத்திரி ஆகும். மழை அதற்காகக் காத்துக்கொண்டு நிற்காது.

2. ஃபில்டர் வளர்ந்த விதம்

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டுமுறை வாசியுங்கள். எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

எங்கள் ஊர்களில் ஒருவரின் வீட்டு விலாசத்தை வைத்து அவருடைய தோட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆள் உடுப்பிட்டியில் இருப்பார். தோட்டம் மனைவியின் சீதனமாகச் சண்டிலிப்பாயில் கிடக்கும். ஆகவே நாங்கள் காணியின் பெயரைப் பிடித்துக்கொண்டோம். இங்கே ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் உறுதிப் பத்திரத்தில் ஒரு பெயர் இருக்கும்: நாவலடி, பெரியகலட்டி, புளியடி வயல். ஆனால் ஊருக்கு ஊர் ஒரு நாவலடி இருப்பதால் காணிப் பெயரையும் ஊரையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

வலிகாமம் மேற்கு ஆட்களைப் பிரித்தெடுக்க நான் எழுதிய ஃபில்டர் இப்படிப் போகும். ‘காணி நாவலடி, ஊர் சண்டிலிப்பாய், வெங்காயம் பிடுங்கியாயிற்று, அல்லது காணி பெரியகலட்டி, ஊர் இன்னது, வெங்காயம் பிடுங்கியாயிற்று, அல்லது…’ தொடக்கத்தில் பன்னிரண்டு வரி. கண்ணை மூடித் திறக்குமுன் பதில் வரும்.

மூளையுள்ளவன் இந்தக் காணிகளை ஒரு தனி அட்டவணையில் போட்டிருப்பான். நானோ ஆராவது தொலைபேசியில் வந்து, “தம்பி, என்ரை காணியையும் ஒருக்கால் உதுக்குள்ள போட்டுவிடும்” என்றதும் ஃபில்டரின் அடியில் ஒரு ‘அல்லது’ போட்டு இன்னொரு வரி எழுதி, அவர் தொலைபேசியை வைக்குமுன்பே “போட்டாச்சு அண்ணை” என்பேன். அதில் ஒரு சுகம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ‘எங்கடை ஆள் ஒருத்தர் உள்ளுக்கு இருக்கிறார்’ என்று நாலு பேர் சொல்வதைவிடப் பெரிய பதவி ஒருவனுக்குக் கிடையாது. இரண்டு வருடத்தில் அந்தப் பதவி இரண்டாயிரத்து எண்ணூறு வரிக்கு வளர்ந்தது. போட்ட வரி ஒன்றைக்கூட எடுத்ததில்லை. எடுத்தால் அவர் என்ன நினைப்பார்?

இவ்வளவும் போதாதென்று, காணிப் பெயர்களில் தேவையில்லாமல் கிடக்கும் இடைவெளிகளையும் புள்ளிகளையும் துடைக்க ஒரு ஃபங்ஷன் எழுதி அதை ஒவ்வொரு வரியிலும் கூப்பிட்டிருந்தேன். அந்த ஃபங்ஷனைப் பற்றி எனக்குப் பெரிய பெருமை. ‘வெங்காயம் பிடுங்கியாயிற்று’ என்பதையும் ஒரு நாள் ‘ஒன்றுக்குச் சமம்’ என்று எழுதுவேன். இன்னொரு நாள் ‘பூச்சியத்தைவிடக் கூட’. மனம் சரியில்லாத நாளில் ‘பூச்சியம் அல்ல’.

ஆறாயிரம் உறுப்பினர் இருந்த காலத்தில் பட்டியல் வர ஏழு நிமிஷம் எடுக்கும். அந்த இடைவெளியில் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். கொம்பியூட்டர் ஆழமாக யோசிக்கிறது என்று சேருக்கும் சொல்லிவைத்திருந்தேன். அந்த மழைக்கு முந்திய கிழமைதான் பல விவசாயிகள் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலையும் எங்களோடு சேர்த்து, ஆறாயிரம் அறுபதாயிரம் ஆனது. எல்லோருக்கும் வடை கொடுத்துக் கொண்டாடினோம். நான் மூன்று வடை சாப்பிட்டேன். ஃபில்டரைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

3. பல்லு வைத்தியர்

பத்து முப்பத்தைந்துக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. உடுப்பிட்டியில் இருந்து சிவபாதம் அண்ணை. அறுபத்தைந்து வயதிருக்கும்; சண்டிலிப்பாய் நாவலடிக்காரர்.

“தம்பி, உங்கடை மெசேஜ் ஒண்டும் வரேல்லை. அப்ப இண்டைக்கு மழை இல்லையெண்டு போட்டு நான் பல்லு வைத்தியரிட்டைப் போகப்போறன். சரிதானே?”

“அண்ணை, பல்லை விடுங்கோ. சண்டிலிப்பாய்க்கு ஓடுங்கோ. ஒரு மணிக்கு மழை.”

“அப்ப ஏன் மெசேஜ் வரேல்லை?”

“ப்ராசசிங் அண்ணை.”

“என்ன?”

அவர் அதற்கு மேல் கேட்காமல் வைத்துவிட்டார், நல்ல மனுஷன். ஆனால் அவர் சொன்னது எனக்குள் நின்றது. செய்தி வராவிட்டால் மழை இல்லை என்று சனம் நம்பத் தொடங்கியிருந்தது. எங்கள் மௌனமும் அவர்களுக்கு ஒரு செய்திதான். இவர் கேட்டுவிட்டார், தப்பினார். கேட்காமலே பல்லு வைத்தியரிடமும் கலியாண வீட்டுக்கும் கிளம்பிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கானவர்களுடைய வெங்காயம் வெயிலில் கிடக்கிறது. பதினொரு மணிக்குள் செய்தி போகாவிட்டால் அனுப்பியும் பயனில்லை.

தயாளன் சேர் எழுந்து போய் ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

4. ரெஜினா கேட்ட கேள்விகள்

ரெஜினாவுக்கு என் வயதுதான். குருநகர் ஆள், தகப்பன், தமையன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எங்கள் டேட்டாபேஸ் அவளுடைய பொறுப்பு. பதறுவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது என்பது என் கணிப்பு. என் கதிரையில் அமர்ந்து, திரையை ஒருமுறை பார்த்தாள்.

“ஒரே குவெரி மூண்டு தரம் ஓடுது. ஆர் அமத்தினது?”

“நான்தான்.”

“ஏன்?”

“முதலாவது மெதுவாப் போச்சு.”

“பஸ் மெதுவாப் போகுதெண்டு பின்னால இன்னும் ரண்டு பஸ்ஸை விட்டு இடிச்சுத் தள்ளப் பாத்தனீரோ?”

சொல்லிக்கொண்டே மூன்றையும் நிறுத்தினாள். பாதி தூரம் ஓடியிருக்குமே, கெடுத்துவிட்டாயே என்று நான் குழறினேன். பாதி இல்லை, கணக்குப் பாரும் என்றாள். அறுபதாயிரம் பேர். ஒவ்வொருவருக்கும் இரண்டாயிரத்து எண்ணூறு வரி. பெருக்கினால் பதினாறு கோடியே எண்பது இலட்சம் தடவை. ஒவ்வொரு தடவையும் என் அருமை ஃபங்ஷன் வந்து அதே காணிப் பெயரைத் துடைத்துவிட்டுப் போகிறது. தனியாக ஓடினாலே ஒரு மணித்தியாலத்துக்கு மேல். மூன்றும் சேர்ந்து ஓடினால் மழை வந்து, விட்டு, தோட்டம் காய்ந்தும் போயிருக்கும்.

‘அல்லது’ என்று தொடுத்த சங்கிலியை டேட்டாபேஸ் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போகும். ஏதாவது ஒன்றுக்கு ‘ஓம், இருக்கு’ என்று பதில் கிடைத்ததும் நிறுத்திவிடும், மீதியைப் பார்க்காது. ஆக, பட்டியலில் இருக்கிறவருக்குச் சீக்கிரம் முடியும். இல்லாதவருக்குத்தான் கடைசி வரி வரைக்கும் போகவேண்டும். எங்கள் அறுபதாயிரம் பேரில் பெரும்பாலானவர்கள் இல்லாதவர்கள். ரெஜினா முதலாவது ஆளைத் திரையில் காட்டினாள். தென்மராட்சிக்காரர், வெங்காயமே நடாதவர்.

“இந்த மனுசனிட்டை ரண்டாயிரத்து எண்ணூறு தரம் காணிப் பேர் கேட்டிருக்கு. வெங்காயம் பிடுங்கினீரோ எண்டு முதல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே ஆளை விட்டிருக்கலாம்.”

அந்தக் கேள்வி ஒவ்வொரு வரியிலும் இருக்கிறதே என்றேன். டேட்டாபேஸ் தானாகவே அதை வெளியே எடுத்து முன்னால் போட்டிருக்கலாமே என்று வேறு கேட்டேன். பிழையை வேறு ஆள் தலையில் கட்டும் திறமை எனக்குப் பதற்றத்திலும் குறைவதில்லை.

“எடுத்திருக்கும். எல்லா வரியிலும் ஒரே கேள்வி ஒரே மாதிரி இருந்தால் அது தானே கண்டுபிடிச்சு முன்னுக்குப் போடும். நீர் மூண்டு விதமா எழுதி வச்சிருக்கிறீர். அது கெட்டிக்காரன்தான், குகன். ஆனா சாத்திரம் சொல்லுற ஆள் இல்லை.”

தயாளன் சேர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து நாற்பத்தாறு.

அவள் வெங்காயக் கேள்வியை வெளியே எடுத்து முன்னால் வைத்தாள். ஒரு எண்ணைச் சரிபார்ப்பதுதான். அறுபதாயிரம் பேருக்கும் கேட்டாலும் கண் சிமிட்டும் நேரம். மூவாயிரத்து நூறு பேர் மிஞ்சினார்கள். பிறகு என் இரண்டாயிரத்து எண்ணூறு வரியிலும் இருந்த காணி, ஊர் சோடிகளை மட்டும் உருவி ஒரு சிறிய அட்டவணையில் போட்டாள். இரண்டு வருடமாக நான் கையால் கோத்த மாலை அது. அவள் அதை உதிர்த்த வேகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் நோகவும் செய்தது. அட்டவணையில் துப்புரவான பெயர்களாக வைத்து, மூவாயிரம் பேரையும் அதனோடு பொருத்திப் பார்க்கச் சொல்லி அமத்தினாள்.

ஒரு செக்கன்கூட ஆகவில்லை. பதில் வந்தது. பூச்சியம் பேர்.

தேங்காய் ஆயிரத்தொன்றாகியது. ரெஜினா மட்டும் தலையை ஆட்டினாள், ஏதோ நல்ல சேதி கேட்டதுபோல.

“வேகமாப் பிழையைச் சொல்லியிருக்கு. நல்லம். முந்தின மாதிரி எண்டால் பிழையெண்டு தெரியவே பின்னேரமாகியிருக்கும்.”

காரணம் எளிது. அட்டவணையில் இருந்தவை துடைத்த பெயர்கள். உறுப்பினர் பக்கத்தில் இருந்தவை துடைக்காத பெயர்கள், ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு இடைவெளியாவது ஒட்டிக்கிடந்தது. என் ஃபங்ஷனை அவள் மறுபடியும் எடுத்தாள், ஆனால் ஆளுக்கு ஒருமுறை மட்டும் கூப்பிட்டு, துடைத்த பெயரைப் பக்கத்திலேயே எழுதிவைத்தாள். மூவாயிரத்து நூறு தடவை துடைத்தாயிற்று, முடிந்தது கதை. திரும்பவும் அமத்தினாள்.

அறுநூற்று நாற்பத்து மூன்று பேர். இதற்கும் அரை செக்கன்தான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சிவபாதம் அண்ணையைத் தேடினேன், நாவலடியோடு இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு பழைய ஃபில்டரில் பத்து வரியில் விரலை வைத்து, அந்தக் காணிகளில் வெங்காயம் பிடுங்கியவர்களைப் பார்த்தேன். எல்லோரும் பட்டியலில் இருந்தார்கள். சேர் “அனுப்பும்” என்றார். பத்து ஐம்பத்தேழு. நிமிஷத்துக்கு நூறாகப் போய், பதினொன்று நாலுக்குக் கடைசிச் செய்தியும் போய்ச் சேர்ந்தது.

5. பெட்டித் தட்டு

அந்த அரை செக்கனுக்குள் என்ன நடந்தது என்பதைப் பிறகு ஒரு கிழமையாக நோண்டிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அந்த இயந்திரத்தின்மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது.

தபால்கந்தோரில் கடிதம் பிரிக்கிற பெட்டித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் என் இரண்டாயிரத்து எண்ணூறு சோடிகளையும் எடுத்து, ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒரு இலக்கத்தைக் கணக்குப் போட்டு, அந்த இலக்கமுள்ள பெட்டியில் வைத்துவிடுகிறது. தொழிலில் இதை ஹாஷ் டேபிள் என்பார்கள். பிறகு ஒரு உறுப்பினர் வந்தால் அவருடைய காணிக்கும் ஊருக்கும் அதே கணக்கைப் போட்டு நேரே அந்தப் பெட்டியை மட்டும் திறக்கிறது. இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. மற்றப் பெட்டிகளைத் தொடுவதே இல்லை. பட்டியல் இரண்டாயிரம் ஆனாலும் இருபதாயிரம் ஆனாலும் ஒருவருக்கு ஏறக்குறைய ஒரே வேலைதான். வெறும் ஒற்றைப் பெயர்களாக நீண்ட பட்டியலைக் கொடுத்தால் சில டேட்டாபேஸ்கள் நாங்கள் சொல்லாமலே இந்தத் தட்டைத் தாங்களாகக் கட்டிக்கொள்கின்றன.

இன்னும் இருக்கிறது. பல நிபந்தனைகளைச் சேர்த்துக் கொடுத்தால் எதைச் சரிபார்க்கச் செலவு குறைவு, எது அதிகம் பேரைக் கழிக்கும் என்று மதிப்பிட்டு அந்த ஒழுங்கில் கேட்கப் பார்க்கும். மாறாத கணக்கை ஒருமுறை போட்டு வைத்துக்கொள்ளும். ஒரு ஆளிடம் ஆயிரம் கேள்வி கேட்பதை விட்டு, ஆயிரம் ஆட்களை வரிசையில் நிறுத்தி ஒரே கேள்வியை ஒரே மூச்சில் கேட்கிற வகைகளும் உண்டு. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, வேலை தொடங்குமுன் ‘நீ இதை எப்படிச் செய்யப்போகிறாய்?’ என்று கேட்டால் தன் திட்டத்தை வரிவரியாக எழுதிக் காட்டும். ஒளிக்காது, பூசி மெழுகாது. இருபது வருடம் உத்தியோகம் பார்த்தும், அப்படிக் கேட்டதும் அப்படிப் பதில் சொன்ன மனிதர் ஒருவரை நான் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

இரண்டு வருடமாக இந்தக் கெட்டித்தனம் முழுக்க என் பக்கத்தில் சும்மா இருந்தது. நான்தான் அதற்குக் கண்ணைக் கட்டிவிட்டு, யோசிக்கிறது என்று சொல்லித் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

6. மூன்றரை மணி

மழை ஒன்று இருபதுக்கு வந்தது. அலுவலக யன்னலால் மேற்குப் பக்கம் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தபடி நாங்கள் மூவரும் தொலைபேசியைச் சுற்றி நின்றோம். முந்திய வருடம் பிழைவிட்ட நாளில் அது பின்னேரம் முழுக்க ஓயாமல் அடித்தது. இன்று ஒரு அழைப்பும் வரவில்லை. இரண்டு மணி ஆனது, மூன்று ஆனது. எங்கள் தொழிலில் நன்றி சொல்ல ஆட்கள் அழைப்பதில்லை. சத்தம் இல்லையென்றால் சரி என்று அர்த்தம்.

மூன்றரைக்கு ஒரே ஒரு அழைப்பு. சிவபாதம் அண்ணை.

வெங்காயம் எல்லாம் உள்ளுக்கு வந்துவிட்டது என்றார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் பதினொரு மணிக்கே செய்தி வந்துவிட்டதாம். நான் ரெஜினாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அப்போதுதான் அவர் குரல் மாறியது.

“ஆனா தம்பி, உங்கடை மெசேஜை எழுதினது ஆர்? ‘மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களே, எமது சேவையுடன் இணைந்திருப்பதற்கு நன்றி’ எண்டு துவங்குது. என்ரை பக்கத்துக் காணிக்காரன் அந்த முதல் வரியைப் பாத்திட்டு, விளம்பரமாக்கும் எண்டு போனை மடிக்குள்ள செருகிப்போட்டு நிண்டவன். நான் போய்க் கத்தின பிறகுதான் மிச்சத்தை வாசிச்சவன். மழை எண்டதை முதல் போடும். மரியாதையைப் பிறகு பாப்பம்.”

அவர் வைத்ததும் எங்கள் செய்தியைத் திரையில் திறந்து பார்த்தேன். ஒரு செக்கனில் ஆளைத் தேர்ந்தெடுத்து, ஏழு நிமிஷத்தில் கையில் சேர்த்துவிட்டு, சொல்லவேண்டியதை மூன்றாவது வரியில் ஒளித்து வைத்திருக்கிறோம். அந்தத் தோட்டக்காரன் செய்ததில் பிழையே இல்லை. முதல் வரியில் ‘இது எனக்கில்லை’ என்று தெரிந்ததும் மீதியைப் பார்க்காமல் நிறுத்திவிட்டான். நல்ல டேட்டாபேஸும் அதைத்தான் செய்யும்.

அந்த வணக்க வரிகளை எழுதியவர் தயாளன் சேர். நான் தொண்டையைச் செருமுமுன் அவரே கிட்ட வந்து, “என்னவாம்?” என்றார். சொன்னேன். அவர் என் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, தான் எழுதியதைத் தானே அழித்தார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நிபந்தனை எத்தனை இருந்தாலும் பயப்படவேண்டாம், அதைச் சமாளிக்க இயந்திரத்துக்குத் தெரியும். எதை முதலில் கேட்கிறீர்கள், ஒருமுறை கேட்டால் போதுமானதை எத்தனைமுறை கேட்கிறீர்கள் என்பதை மட்டும் பாருங்கள். அன்றிலிருந்து எங்கள் செய்தி இப்படித்தான் போகிறது:

“மழை. ஒரு மணி. சண்டிலிப்பாய். வெங்காயத்தை எடுங்கோ.”